ஜன்னல் இல்லாத கணக்கு

3-2-1991, ஞாயிறு
புது வீட்டுக்கு எங்கள் நிலத்திலேயே செங்கல் அறுக்கிறோம். பதினாறாயிரம் பச்சைக்கல் காய்கிறது. சூளை போடும் ஆஞ்சப்பன் மாமா இருபதாயிரம் வேண்டும் என்கிறார். அதைச் சுட ஆறு வண்டி விறகு, வந்திருப்பது ஐந்து. ஆறாவதுக்குக் கிணற்றடிப் புளியமரத்தை வெட்டலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கெலமங்கலம் சந்தைக்கு அம்மா கொண்டுபோகும் புளியெல்லாம் அந்த மரத்தினுடையது.

5-2-1991
அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஒரு வண்டி விறகு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை வண்டி எடைக்குக் கரியமில வாயு போகுமாம். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது. அப்படியென்றால் ஆறு வண்டிக்கு ஒன்பது! நாங்கள் குடிபோகும் முன்பே வீடு இவ்வளவு புகை விடுமா?

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பாவிடம் சொன்னேன். “கறி தெரியும். அதென்னாம்மா கரியமில?” என்று சிரித்தார். பிறகு, புகைக்குப் பயந்தால் ஓலைக் குடிசையிலேயே இருக்க வேண்டியதுதான் என்றார். அதுவும் நியாயம்தான்.

8-2-1991
அம்மா மரத்தடியை இரண்டு முறை கூட்டினாள்.

10-2-1991
மேஸ்திரி சுண்ணாம்பால் போட்ட கோட்டை டேப் பிடித்து அளந்தேன். நீளம், சுவரின் கனம்; உயரம் மேஸ்திரி சொன்னது. கல் குறைந்தால் விறகும் குறையுமே என்றுதான். மூன்று முறை பெருக்கினேன். இருபதாயிரத்து நூறு.
அவ்வளவுதான், மரம் போச்சு. எதுக்குத்தான் கணக்குப் போட்டேனோ — அம்மா மொகத்த எப்படிப் பாக்கறது?

11-2-1991
ஆஞ்சப்பன் மாமாவிடம் தாளைக் காட்டினேன், அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள. வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்பாப்பா, ஜன்னலு, வாசப்படி எல்லாத்தயும் கல்லு வெச்சி அடெச்சிட்டியே. உங்கப்பன் கம்பெனிக்கு எப்படிப் போவாரு, கூரை மேல ஏறியா?”

கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சட்டென்று அவர் சிரிப்பு நின்றது. விரலை மடக்கினார். இரண்டு வாசல், ஐந்து ஜன்னல்.

“நானும் அடெச்சித்தான் சொல்லியிருக்கறேன்,” என்றார் மெதுவாக. எந்த வீட்டுக்கும் இப்படித்தான் சொல்வாராம். மிச்சக் கல் எல்லார் வீட்டுப் பின்னாலும் பாசி பிடித்துக் கிடக்கிறது.

தாளைத் திருத்தினேன். பதினேழாயிரம்.

இதற்கு ஐந்து வண்டி விறகே போதும் என்று மாலையில் அப்பாவிடம் அவரே போய்ச் சொன்னார். அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

17-2-1991, ஞாயிறு
சேவல் அறுத்துச் சூளைக்குத் தீ வைத்தார்கள். ஐந்து வண்டி. புகை நேராக மேலே போகிறது. ஏழரை வண்டி எடை, இலவம்பஞ்சு போல. பார்த்துக்கொண்டே இருந்தேன், நல்லதென்று சொல்ல முடியவில்லை. வீடும் வேண்டும்.

மத்தியானம் அப்பா என் தட்டில் கறி வைத்து, “இது கறி,” என்று சூளைப் பக்கம் கை காட்டினார். “அது கரியமில.”

அம்மா சாப்பிட வரவில்லை. கிணற்றடியில் புளி உலுக்கிக்கொண்டிருந்தாள்.