கரைவலைக் காணி

அண்ணே,

நேற்று வத்தேகமைச் சந்தையில் ஒரு கருவாட்டுத் தட்டைத் தட்டிவிட்டேன். கை தவறி அல்ல, வேண்டுமென்றேதான். கடைக்கார முஸ்லிம் நானா ஒரு கை நெத்தலியை அள்ளி என் மூக்கருகே நீட்டி, இது எந்தக் கடற்கரையில் காய்ந்தது தெரியுமா என்று கேட்டு, அவரே ஊர்ப் பெயரையும் சொன்னார். நீ காணி வாங்கிய ஊர். அவ்வளவுதான், என் கை தட்டின்மேல் போய்விட்டது.

“என்ன தங்கச்சி, நெத்தலி ஒங்களுக்கு என்ன செஞ்சிச்சு?” என்று கேட்டபடியே குனிந்து பொறுக்கினார், நல்ல மனுஷன். நானும் வெட்கம் பாராமல் உட்கார்ந்து பொறுக்கினேன். எத்தனை தடவை சவர்க்காரம் போட்டும் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் உனக்கு எழுதுகிறேன்.

நம் வீட்டில் எல்லோருக்கும் வாய்க்கு முன் கை போகும், உனக்கு இன்னும் கொஞ்சம் முன்னால். பன்வில தேயிலைத் தோட்டத்தில் நம் லய வீட்டுக்குப் பின்னால் அப்பா போஞ்சி போட்டிருந்தாரே, ஞாபகமிருக்கிறதா? காய்க்கத் தொடங்கிய நேரம் தோட்டத்து ஆட்கள் வந்து கொடியை எல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். தோட்டத்து நிலத்தில் நட உனக்கு யார் சொன்னது என்று அப்பாவை நெஞ்சில் தள்ளினார்கள். நீ கல்லை எடுத்து ஒருவனுடைய புருவத்தைக் கிழித்தாய். அன்று பின்னேரம் அப்பா உன்னை பெல்ட்டால் விளாசினார். உதடு கிழிந்து வீங்கிய வாயோடு என்னிடம் சொன்னாய், “புடுங்கட்டும். ஒரு வார்த்த கேட்டுட்டுப் புடுங்கியிருக்கலாம்ல.”

பிறகு நீ மரக்கறி லொறி ஓட்டப் போனாய். கண்டியிலிருந்து கோவாவும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு. அப்படிப் போய் வந்ததில்தான் அந்தச் சின்னப் பட்டணம் உன் கண்ணில் பட்டது. அப்பா போனபிறகு நாம் வந்து ஒண்டிய வத்தேகமை வாடகை அறையிலேயே அம்மா கண்ணை மூடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றாய். வெளிநாட்டுக்குப் போகும் ஒருவன் கடலோரத்தில் ஒரு துண்டுக் காணி விற்றான். கண்டியில் லோயரிடம் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினாய், நிலஅளவைக்காரரைக் கூட்டிப்போய் எல்லைக் கல் போட்டாய். எல்லாம் சரியாகத்தான் செய்தாய். கடற்கரையில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும் என்பது மட்டும் மலையில் வளர்ந்த நமக்குத் தோன்றவில்லை. அது மாரி காலம். வலை இல்லை, ஆளும் இல்லை, கரை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கரை எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய்க் காணிக்கு நடுவில் நிறுத்தினாய். “தங்கச்சி, இங்க நின்னு காறித் துப்பு. யாரு கேக்குறான்னு பாப்போம்,” என்றாய். துப்பினேன். காற்று அதைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தது. நீ மணலில் விழுந்து விழுந்து சிரித்தாய். அப்படி நீ சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டு அறை கட்டினாய். கல்லுக்குக் கல் முள்ளுக்கம்பி இழுத்தாய், ஒரு சாண் நிலத்தைக்கூட வெளியே விடவில்லை. மழை ஓய்ந்ததும் கரைவலைக்காரர்கள் வந்தார்கள். தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு ஏறுவார்கள். அதில் ஒரு கயிறு ஏறும் வழி நம் காணிக்கு நடுவால் போனது.

வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி முதலில் தன்மையாகத்தான் பேசினார். “தம்பி, வித்தவன் சொல்லல்லயா? இது எங்கட அப்பாட அப்பா காலத்திலயிருந்து நாங்க வலை இழுக்கிற பாடு. கயிறு போற வழிய மறிக்க வேணாம்.”

“கேட்டுட்டு வாங்க, தொறந்து உடுறேன்,” என்றாய்.

அவர் சிரித்தார். “ஆர்ட்டக் கேக்கிற? லயத்தில கிடந்து வந்த ஆக்கள்ட்டயா?”

அதற்கு மேல் உன்னிடம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் வலை கடலில் கிடந்தது. இழுக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது, கயிறு தளர்ந்தால் மீன் போய்விடும். பின்பக்கமாக நடந்து வந்தவர்களின் முதுகு வேலியில் முட்டியது. ஒருவன் கம்பியை வெட்டினான், மற்றவர்கள் கட்டைகளை உதைத்துச் சாய்த்தார்கள். நீ அப்பாவின் கவ்வாத்துக் கத்தியோடு வெளியே வந்தாய். ஆளை வெட்டப் போகிறாய் என்று நினைத்து உன் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். நீ யாரையும் தொடவில்லை. விறைத்து நின்ற கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாய்.

தேயிலைக் கிளையை வெட்டிப் பழகிய நமக்கு அது வெறும் கயிறு. அதில் இத்தனை ஆளின் பாரம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நீ நினைக்கவில்லை. கூட்டம் மொத்தமும் மல்லாக்க விழுந்தது. அறுந்த முனை சுழன்று ஒருவனின் கன்னத்தைப் பிளந்தது. ஒரு கிழவர் சாய்ந்து கிடந்த வேலிக்கட்டையில் பின்மண்டை அடிபட்டு, இரத்தம் காதுவழியாக வழியக் கிடந்தார். வலையும் மீனும் கடலோடு போயின.

கிழவரின் மகன் அந்த இரத்தத்தைப் பார்த்தான். நீ நட்ட கட்டை ஒன்றையே பிடுங்கி உன் தலையில் போட்டான். முழந்தாளில் விழுந்தாய். மறுபடி அடித்தான். மற்றவர்கள் வந்து விலாவிலும் வயிற்றிலும் மிதித்தார்கள். நான் அவன் முன்கையைக் கடித்தேன், வாயெல்லாம் உப்பும் இரத்தமும் ஆகும்வரை விடவில்லை. யாரோ என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். “ஐயா, எம்புள்ளய உட்டுருங்கய்யா,” என்று அம்மா வாசலில் நின்று கதறியது யார் காதிலும் விழவில்லை. கடைசிவரை உன் கை மணலை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவேயில்லை. கிழவர் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தது எனக்கு நெடுநாள் பொறுக்கவில்லை, பாவமென்று தெரிந்தும் பொறுக்கவில்லை. அம்மா அடுத்த மாரி வரையும் தாங்கவில்லை. கிழவரின் மகன் சிறைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். காணி என் பேருக்கு வந்தது, நான் வத்தேகமைக்கே திரும்பிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் தேடி வந்தார். கரை ஓரமாக மதில் கட்டுவாராம், கயிறு என்ன, நாய்கூட உள்ளே வர முடியாதாம். நான் காசைப் பற்றிக் கேட்கவில்லை. மதில் எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டேன். சம்மாட்டியின் பாடு என்றைக்குமாக ஒழிந்துபோவதை நினைக்க நினைக்க இனித்தது. கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

செய்தி போய், சம்மாட்டியும் கிழவரின் மகனும் வத்தேகமைக்கு வந்து என் வாசலில் நின்றார்கள். அவனைக் கண்டதும் செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கால் இரத்தம் ஒழுகியது. சம்மாட்டி குறுக்கே வந்தபோது அவரைத் தள்ளிவிட்டு அவனே சொன்னான், “மதில் வந்தா நாங்க முடிஞ்சம் அக்கா. வழி விடுங்க. இனிக் கேட்டுத்தான் வருவம்.”

அந்த வார்த்தையை நீ உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது, செருப்பைக் கீழே போட்டேன். ஹோட்டல்காரருக்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே அண்ணே. அது என்னிடம் இல்லை. உன் கோபம்தான் இருக்கிறது, அதை அப்படியே வைத்திருக்கிறேன். சீசனுக்குத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்விடுவேன், கடலைப் பார்த்த வாசலில் உட்கார்ந்து தைப்பேன். கயிற்றில் முதல் ஆளாக அவன்தான் பின்பக்கமாக ஏறி வருவான். எல்லைக் கல்லுக்கு வந்ததும் நின்று கழுத்தைத் திருப்புவான்.

“வரட்டா அக்கா?”

கடல் வலையைத் தன் பக்கம் இழுக்கும். கயிறு அவன் தோளை அறுக்கும், கால் மணலுக்குள் புதையும், அவனுக்கு முன்னால் கூட்டம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். நான் கையிலிருக்கும் தையலை ஓரம்வரை ஓட்டி முடிக்கிறேன். நூலை வெட்டுகிறேன். துணியை உதறி மடித்து வைக்கிறேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, வா என்கிறேன்.