குதிரைக்குப் பின்னால் வைத்த டிரம்

பாய், நேற்று புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. குதிரை வியர்வையின் வாடை மூக்கில் ஏறியது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் காலமான சேதி பழவேற்காட்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நம் சர்க்கஸ் லாரி போன கோலத்தை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. லாரியின் மேல் பலகையடித்த ஓர் அறை. அதற்குள் முதலாளி குடும்பம், அடுப்பு, கொசுவலை எல்லாம். பின்னால் கொக்கியில் மாட்டிய டிரெய்லரில் வெள்ளைக் குதிரை, அதன் பக்கத்தில் குதிரைக்காரரான நீங்கள். ஓட்டுபவன் நான்.

கும்மிடிப்பூண்டியில் ஆட்டம் முடித்துத் திருவள்ளூருக்குக் கிளம்பிய காலை அது. தண்ணீர் டிரம் ஒழுகி அறை நனைகிறது என்று முதலாளியம்மா கத்தினார். அதைத் தூக்கி டிரெய்லரில், குதிரைக்குப் பின்னால் வைத்தேன்.

“இன்னா நைனா, பின்னாடி வெச்சிக்கினு கீறே? பின்பாரம் ஏறுனா வண்டி வாலாட்டும். முன்னாடி தள்ளு,” என்றீர்கள்.

“லாரி ஓட்டறது நீங்களா, நானா பாய்?” என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் அதிகம்.

பெரியபாளையத்து ஆற்றுச் சரிவில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அதைச் செய்யவே கூடாது. டிரெய்லர் திரும்பி லாரியில் மோத, குதிரை முட்டி போட்டு விழுந்தது. அதைத் தாங்கப் போய் உங்கள் தோள் பிசகியது.

முதலாளி இறங்கி வந்து யார் செய்த வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

“குதிர கயித்த லூசா உட்டுட்டேன் மொதலாளி. என் தப்புதான்.”

அங்கேயே உங்களைப் போகச் சொல்லிவிட்டார். ஒற்றைக் கையால் மூட்டை கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: “உன் சம்சாரம் மாசமா கீது. நீ கம்முனு இரு நைனா.”

இருந்தேன். மனைவியைச் சொல்வது சாக்கு பாய். வேலை போய்விடுமோ என்ற என் பயம்தான். பிறகு எத்தனையோ முறை உங்களைப் பழவேற்காட்டில் பார்த்தேன். மீன் வாங்கிக் கொடுத்தீர்கள், பிள்ளைகளை விசாரித்தீர்கள், இதை மட்டும் பேசவில்லை. நானும் கடைசிவரை முதலாளியிடம் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் போனபின் குதிரைக்குக் கொள்ளு வைத்தவன் நான். இரண்டு நாள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் பசி தாங்காமல் என் கையிலிருந்தே தின்றது. அந்த ஈர மூச்சு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.