சுத்தியல் பிடிக்கிற கை

லாலாகுடா, ஹைதராபாத்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கை காஞ்சனாவுக்கு, அண்ணன் சீனு எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு மெடிக்கல் காலேஜில் வயிற்றுவலி நோயாளியாக நடிக்கப் போனேன். ஒத்திகையில் ஒரு பையன் வயிற்றில் கை வைத்ததும் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கென்று சிரித்துவிட்டேன். இப்போதெல்லாம் செய்முறைத் தேர்வில் பாதி நோயாளிகள் என்னைப் போன்ற நாடகக்காரர்கள்தான். மணி அடித்தால் மாணவர்கள் அறை மாறுவார்கள். எக்ஸாமினர் மூலையில் உட்கார்ந்து மார்க் மட்டும் போடுவார். வாயே திறக்கக் கூடாது.

சிரிக்கிற வயிறு உதவாது என்று எனக்குக் கோபக்கார மகன் வேஷம் கொடுத்தார்கள். கதைப்படி, மாணவர் போட்ட ஊசியில் என் அம்மாவின் கை வீங்கிவிட்டது. நான் கத்த வேண்டும், மாணவர் சமாதானப்படுத்த வேண்டும். தேர்வன்று உள்ளே போனால், மூலையில் ஜம்புநாதன். இதே மாதிரி ஒரு தேர்வில் எல்லார் முன்னாலும் கேவலப்படுத்தி, உன்னைப் படிப்பையே விட வைத்த அதே ஜம்புநாதன். முடி போய்விட்டது, திமிர் போகவில்லை. என்னை அவனுக்குத் தெரியாது.

எப்படி வேண்டுமானாலும் திட்டலாம் என்றிருந்தார்கள். விடுவேனா? உன்னிடம் அவன் சொன்னதையே எடுத்து விட்டேன். "ஒர்க்‌ஷாப்புல சுத்தியல் பிடிக்கிற கை இது. இதை நாடி பிடிக்க யாரு விட்டது?" பேச்சு மாணவரிடம், பார்வை அவன் மேல். மணி அடித்து ஆள் மாற மாற அதே வசனம். காலை முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டான், பாவி. பிள்ளைகள் எல்லாம் "சாரி அங்கிள்" என்றார்கள். அத்தனை சாரியையும் உன் பேரில் வாங்கிக்கொண்டேன்.

ரக்ஷிதா என்று ஒரு பெண் மட்டும் இரண்டு கைகளையும் மேஜைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து நீ துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாயே, அப்படி. அடுத்த மணி அடித்ததும் கத்தினேன், கொஞ்சம் மெதுவாக.

அந்த ஆள் தலைகுனிகிற வரைக்கும் ஹைதராபாத் பக்கம் வர மாட்டேன் என்றாய். குனிந்தான், என் கண்ணால் பார்த்தேன். பொங்கலுக்கு வந்துவிடு. அண்ணிக்கு அடிக்கடி படபடவென்று வருகிறது. நீ ஒரு தடவை கையைப் பிடித்துப் பார்த்தால் எங்களுக்குத் தைரியம். உன் கைக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அண்ணன் சீனு

பி.கு.: அவன் தலை குனிந்தது மார்க் போட. டீ குடிக்கும்போது அவனே வந்து என் தோளைத் தட்டினான். "நடிப்பு பிரமாதம் சார். வசனம்தான் கொஞ்சம் ஓவர். இப்படியெல்லாம் எந்த மனுஷனாவது பேசுவானா?"