கழுவாத கை

பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

அன்றைக்கு உப்பு ஏரிக்குப் போன வேனில் இருந்தவர்கள்: உன் அப்பன், உன் அம்மா, வழியெல்லாம் செல்போனையே முறைத்துக்கொண்டு உன் தங்கை, கொட்டாவி விட்டே வண்டி ஓட்டிய டிரைவர், அப்புறம் நான். உன் அத்தை பல்வலி என்று வீட்டில் நின்றுவிட்டாள். அவளோடு இருந்தது தாத்தாவின் நாய், நம்ம துரை. நான் படித்தது மூணாங்கிளாஸ்தான். ஆனால் யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்பது சாகும்வரை மறக்காது.

போனில் பேசினால் நீ அழுதே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி.

கடைவீதிக்குக் கூட்டிப் போகச் சொன்னால் முட்டி வலி என்கிற உன் அப்பன், மூன்று மணி நேரம் வேனில் உட்கார்ந்து எனக்கு ஏரி காட்டுகிறேன் என்றபோதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முந்தின நாள் நீயே கடல் தாண்டிப் போன் பண்ணி, போய்ட்டு வா பாட்டி, அந்தத் தண்ணியில யாரும் முங்க முடியாதாம், எனக்கும் சேர்த்து மிதந்துட்டு வா என்றாய். நீ சொன்னால் எனக்கு மறுபேச்சு ஏது?

கிளம்பும்போது துரைக்குப் பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுத்தேன். பழைய சேலையை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்து, வாசலில் ஒன்றுக்குப் போகவைத்தேன். சாயங்காலம் வந்துடுவேன்டா என்று காதில் சொன்னேன். அவனுக்குக் கண்தான் போச்சு, காது நல்லாக் கேட்கும்.

ஏரிக்கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. குதிகால் வெடிப்பில் பட்டதும் உயிர் போச்சு. அப்புறம் உன் அப்பன் தலையைத் தாங்க, மல்லாந்து தக்கை மாதிரி மிதந்தேன். தாத்தா போன பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பனுக்குப் போன் வந்தது. கரைக்குப் போய்த் திரும்பி நின்று பேசினான். வந்து, இன்னும் கொஞ்ச நேரம் மிதங்கம்மா என்றான்.

குழாயடியில் உன் அம்மா என் மேல் தண்ணீர் ஊற்றினாள். வலது கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கை உப்பை நக்காமல் துரை தூங்கமாட்டான், உனக்கே தெரியும். உப்புப் பூத்து அரிக்க அரிக்க, அந்தக் கையை மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவன் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. என்னைத் தவிர யாரும் அந்தத் தட்டைத் தொட்டதே இல்லை.

உன் அத்தையை உலுக்கினேன், கொட்டிவிட்டாள். டாக்டர் வந்து, துரை வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டது, கடைசிவரை அவன் வாசல் பக்கமே மூக்கைத் திருப்பியது, எல்லாம். பாட்டி பார்த்தா தாங்காது, எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடுங்க என்று சொல்லிக் கொடுத்தது மாட்டு டாக்டருக்குப் படிக்கிற நீதானாம்.

அவன் பட்ட வலி எனக்குத் தெரியும்டி. ஊசி தப்பு என்று நான் சொல்லவில்லை. உன் தாத்தா மூச்சு இந்த மடியில்தான் நின்றது. வாயைத் துடைத்துக் கண்ணை மூடிவிட்டவள் நான். நாய்க்குத் தாங்கமாட்டேனா?

உன் அப்பன் சொன்னதைச் செய்கிறவன், விட்டுவிட்டேன். அத்தை அழுது அழுது இப்போது நிஜப் பல்வலிக்காரி மாதிரி கன்னம் வீங்கிக் கிடக்கிறாள். அவளையும் விட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. படிப்பை முடி. எனக்கும் கண்ணும் காலும் போகிற நாள் வரும். அன்றைக்கு யாரையும் ஏரி பார்க்க அனுப்பாதே, நீ வந்து பக்கத்தில் உட்கார். நூறு வருஷம் நல்லா இரு. ஆனால் மன்னிக்கமாட்டேன். உன் அப்பனை இல்லை, அத்தையை இல்லை. என் மடியில் வளர்ந்த மூத்த பேத்தி, உன்னைத்தான்.