அன்று அந்தக் குரலை அவர் கேட்கவிடவில்லை

அனுப்புநர்
ரீனா ஸ்டெர்லின்,
அறை எண் 14, 90 அடி சாலை,
தாராவி, மும்பை – 400 017.

பெறுநர்
உயர்திரு சந்திரமௌலி அவர்கள்,
செயலாளர், ஒழுங்கு விசாரணைக் குழு,
கடல்கடந்த வழக்கறிஞர் கூட்டமைப்பு,
மும்பை அலுவலகம், மாட்டுங்கா.

பொருள்: பிலிப்பைன்ஸ் நாட்டு வழக்கறிஞர் மரிசெல் அவர்கள் மீது நடைபெறும் விசாரணையில் நேரில் பார்த்த சாட்சியாக என்னை ஏற்கவும், விசாரணையை விரைந்து முடிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குர்லாவில் பள்ளிப் பைகள் தைக்கும் கார்கானாவில் மெஷின் தைக்கிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஆங்கிலத்தில் எழுத வராது. தங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேட்டறிந்து என் கையாலேயே இதை எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்தருள வேண்டும். புகார் மனு என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத நன்றியே முன்னால் வந்து நிற்கிறது. எனவே இரண்டையும் சேர்த்தே சமர்ப்பிக்கிறேன்.

2. என் கணவர் ஸ்டெர்லின் பதினோரு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். 2024 மார்ச் 6 அன்று அவருடைய கப்பல் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுகத்தில் நின்றிருந்தபோது, இயந்திர அறை ஊழியரான ரொடெல் என்பவர் இறந்துபோனார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். முந்தின நாள் சமைத்த மீன் கெட்டுப்போயிருந்ததே காரணம் என்று கப்பல் தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவ அறிக்கையிலோ காரணம் உறுதியாகச் சொல்லப்படவில்லை. ஐந்தாம் நாள் என் கணவரைக் கைது செய்தார்கள். கப்பல் மற்ற ஊழியர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவருக்காகச் சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

3. சிறையிலிருந்து ஒரே ஒரு முறை போனில் பேச விட்டார்கள். "நான் ரொடெலுக்கு மீனே குடுக்கல ரீனா. அவனுக்கு நாலு நாளா ஒண்ணும் எறங்கல. கஞ்சிதான் காய்ச்சிக் குடுத்தேன்" என்றார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. வேலைக்கு அனுப்பிய ஏஜென்டிடம் பத்து முறை போனேன். பொறுத்திருங்கள் என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

4. ஏப்ரல் மாதம் மாட்டுங்கா லேபர் கேம்பில் நடந்த இலவச சட்ட ஆலோசனை முகாமில்தான் வழக்கறிஞர் விஜயலக்ஷ்மி அவர்களை முதன்முதலில் பார்த்தேன். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, "எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது. ஆனா தெரிஞ்சவாளைக் கண்டுபிடிக்க எங்க கூட்டமைப்புல ஒரு வழி இருக்கு. ரெண்டு நாள் டைம் குடுங்கோ" என்றார். இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் மாலையே பெய்ராவில் டெல்ஃபினா என்ற வழக்கறிஞர் என் கணவரின் வழக்கை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

5. டெல்ஃபினா அம்மா சிறைக்குப் போகும் முன், கணவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தார். "பிள்ள நல்லாருக்கா, நீங்க ஒழுங்கா சாப்புடுங்க" என்றேன். அதை விஜயலக்ஷ்மி அம்மா ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினார். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத அந்த அம்மா, சிறைக் கம்பிக்கு வெளியே நின்று அந்தத் தமிழை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறார். உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரித்ததாகவும், பிறகு அழுததாகவும் என் கணவர் இன்றும் சொல்கிறார். ஐயா, இந்த வேலை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

6. என் கணவர் சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொண்ட டெல்ஃபினா அம்மா, ரொடெல் கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லக்கூடியவர்கள் கப்பலிலிருந்து அவர் போனில் தொடர்புகொண்டிருக்கக்கூடிய வீட்டார் மட்டுமே என்று எழுதினார். இங்குதான் சிக்கல். ரொடெலின் மனைவி நெனிட்டா, கணவரின் சாவுக்கு நியாயம் கேட்டுக் கப்பல் நிறுவனத்தின் மேல் தன் ஊரான இலோயிலோவில் வழக்குப் போட்டிருந்தார். அவருக்காக வாதாடிய மரிசெல் அம்மாவும் தங்கள் கூட்டமைப்பின் உறுப்பினர். கூட்டமைப்பு மூலமாகவே அமர்த்தப்பட்டவர். விஜயலக்ஷ்மி அம்மா முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டார். "என் கட்சிக்காரரைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதன்பின் பன்னிரண்டு நாட்கள் ஒரு தகவலும் இல்லை. பிறகுதான், நெனிட்டா எங்களோடு பேசச் சம்மதித்துவிட்டார் என்று மரிசெல் அம்மா எழுதினார்.

7. இனி எழுதப்போவதே தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 2024 மே 14, செவ்வாய்க்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, விஜயலக்ஷ்மி அம்மாவின் அலுவலகத்தில் வீடியோ அழைப்பு நடந்தது. நான் கார்கானாவில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பக்கம் மரிசெல் அம்மாவும் நெனிட்டாவும் ஒரே மேசையில் இருந்தார்கள். நெனிட்டா பேசியதை மரிசெல் அம்மா ஆங்கிலத்தில் சொல்ல, விஜயலக்ஷ்மி அம்மா எனக்குத் தமிழில் சொன்னார். பெய்ராவிலிருந்து டெல்ஃபினா அம்மாவும் இணைந்திருந்தார்.

8. நெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர்தான் அவருடைய கணவரைக் கொன்றவர் என்று கப்பல் தரப்பில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான், "எம் வீட்டுக்காரரு சமைக்கதுக்கு முன்னால மோந்து பாக்காம ஒரு துண்டு மீனத் தொடமாட்டாவ" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில் இரண்டு மொழி தாண்டி என்னிடம் வந்தது. இறப்பதற்கு முன் நான்கு நாட்களில் ரொடெல் தனக்கு ஆறு குரல் பதிவுகள் அனுப்பியிருக்கிறார் என்றும், மூடிய தொட்டிக்குள் இறங்கி ஏதோ ரசாயனம் ஊற்றிக் கழுவியதிலிருந்து தலை சுற்றுகிறது, நெஞ்சு அடைக்கிறது, இந்தியச் சமையல்காரர் தரும் கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று அவற்றில் சொல்லியிருக்கிறார் என்றும் நெனிட்டாவே, தானாகவே, தன் வாயால் சொன்னார்.

9. அந்தக் குரலைப் போடுங்கள், ஒரு தடவை கேட்கிறேன் என்று நான் கெஞ்சினேன். நெனிட்டா போனைக் கையில் எடுத்தார். மரிசெல் அம்மா அவர் கைமேல் தன் கையை வைத்துத் தடுத்துவிட்டார். பிறகு எங்களுக்காக ஆங்கிலத்திலும் சொல்லிக்கொண்டே, எங்கள் முன்னிலையிலேயே மூன்று முறை அவரை எச்சரித்தார். "உன் வழக்குக்கு இதுதான் பலமான ஆதாரம். இப்போது வெளியே கொடுத்தால் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே தயாராகிவிடும். உனக்கு நஷ்டம் வரலாம். வீட்டுக்குப் போய் யோசி. விருப்பம் இருந்தால் நாளைக்கு வந்து எழுதிக் கையெழுத்துப் போடு. அதுவரை யாருக்கும் இது போகாது" என்றார்.

10. அன்று எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். "எம் புருசன் உள்ள கெடக்காரு, ஒரு நிமிசம் கேக்க உடமாட்டேங்காளே! இவ யாரு பக்கம்?" என்று கத்திவிட்டேன். "அவ சரியாத்தான் பண்றா ரீனா. அவ அவளோட கட்சிக்காரி பக்கம். அப்படித்தான் இருக்கணும்" என்று விஜயலக்ஷ்மி அம்மா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

11. அழைப்பு முடியும் முன் நெனிட்டா சொன்னது இது: "நாளைக்கு யோசிக்க என்ன இருக்கிறது? அந்த ஆள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை என் புருஷனே சொல்லியிருக்கிறார். அதைப் போனில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தால் ரொடெலுக்கு என்ன பதில் சொல்வேன்?" ஆனாலும் மரிசெல் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் நெனிட்டா நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு வந்த பிறகே பதிவுகள் பெய்ராவுக்குப் போயின. போர்த்துக்கீசிய மொழியில் அவை பெயர்க்கப்பட்டு, ஜூன் 20 அன்று நீதிமன்றத்தில் போட்டுக் கேட்கப்பட்டன. என் கணவருக்கு அன்றே பிணை கிடைத்தது. ஜூலையில் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஆகஸ்ட் 2 அன்று வீடு வந்து சேர்ந்தார். இப்போது செம்பூரில் ஒரு கேன்டீனில் சமைக்கிறார்.

12. இவ்வளவு நல்லது செய்த கூட்டமைப்பின் மீது நான் குறை சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன். மரிசெல் அம்மா தன் கட்சிக்காரரின் அனுமதி இல்லாமல் அந்த வீடியோ அழைப்பிலேயே ஆதாரத்தை எங்கள் தரப்புக்கு வெளியிட்டுவிட்டார் என்று கப்பல் நிறுவனத்தின் தரப்பில் தங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள். அதன்பேரில், விசாரணை முடியும்வரை கூட்டமைப்பு வழியாக வந்த எந்த வழக்கிலும் அவர் ஆஜராகக் கூடாது என்று கடந்த மாதம் உத்தரவாகியிருக்கிறது. நெனிட்டாவின் வழக்கு ஏப்ரல் 7 அன்று விசாரணைக்கு வருகிறது. அவர் சார்பில் பேச இன்று ஆள் இல்லை. என் கணவரைத் திருப்பிக் கொடுத்ததற்காக அந்தப் பெண் தன் வழக்கறிஞரை இழந்து நிற்கிறார்.

13. புகார் கொடுத்தவர்கள் யாரும் அந்த அழைப்பில் இல்லை. நான் இருந்தேன். அன்று குரல் பதிவு ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் நான் ஏன் கத்தியிருக்கப் போகிறேன்? அடுத்த அறையில் இருந்த குமாஸ்தா ஜெயராம் என் சத்தம் கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரையும் விசாரிக்கலாம்.

14. இந்த மனுவை விஜயலக்ஷ்மி அம்மாவுக்குச் சொல்லாமல் எழுதுகிறேன். "இதுல நீங்க வரவேண்டாம். உங்காத்துக்காரர் வந்துட்டார், நிம்மதியா இருங்கோ" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டு நடந்த எனக்கு இதை மட்டும் கேட்க முடியவில்லை.

ஆகவே, என் வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொள்ளவும், ஏப்ரல் 7க்கு முன்பே விசாரணையை முடிக்கவும், அது இயலாவிட்டால் நெனிட்டாவின் வழக்கில் மட்டுமாவது மரிசெல் அம்மா ஆஜராக அனுமதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். எந்த நாள், எந்த நேரம் அழைத்தாலும் வருகிறேன். என் கணவரும் வருவார்.

முகம் தெரியாத எங்களுக்காக மூன்று ஊர் வழக்கறிஞர்கள் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்காக நான் பேச, ஐயா, எனக்கு ஒரு நாள் கொடுங்கள்.

இடம்: தாராவி, மும்பை
நாள்: 03.03.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
ரீனா ஸ்டெர்லின்

இணைப்பு: பெய்ரா நீதிமன்ற விடுவிப்பு உத்தரவின் நகல், என் கணவர் ஸ்டெர்லின் தனியே எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம்.