வெள்ளவத்தை வளவுக்கு வந்த ஆறுமணிக்குருவி

என் செல்ல மகள் மதுராவுக்கு,

உன் குருவி வந்துவிட்டது பிள்ளை. அதே குருவிதான். காலில் நீ போட்ட வளையம், முதுகில் நீ கட்டிய கடலையளவுக் கருவி, எல்லாம் அப்படியே இருந்தன.

பங்குனியில் அதைக் கட்டிவிட்டபோது உன்னைக் கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா? "குருவி திரும்பி வந்தால்தானாம் அது போன இடம் தெரியும். வராட்டி?" என்றேன். "வரும் அம்மா. வருஷா வருஷம் எங்கட வளவுக்கு வாறது ஒரே ஆள்தான்" என்றாய். ஆவணியில் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கருவியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமலே போனாயே, அதுதான் என் நெஞ்சை அறுத்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனம் வளவை ஒரு சருகு இல்லாமல் கூட்டித் தள்ளிவிட்டது. உன்னோடு குருவி ஆராய்ச்சி செய்த ரிஸ்வானா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். "அன்டி, இது சருகக் கிளறிப் புழு தின்னுற குருவி. வெறுந்தரையில எறங்காது."

பிறகென்ன, நானும் அவளும் உரப்பையோடு வீட்டு முன் ஒழுங்கையில் இறங்கினோம். அயலவர்கள் கூட்டி ஒதுக்கிய மாவிலை, பலாவிலை எல்லாவற்றையும் அள்ளிவந்து கொட்டினோம். முன்வீட்டுச் சிங்கள நோனா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் மதிலோரம் அதன் விசில் கேட்டது. உடனே ரிஸ்வானாவுக்குப் போன் அடித்தேன். மறுநாள் காலை ரிஸ்வானா வலை கட்டினாள். பிடிபட்டதும் முதலில் காலில் வளையம் இருக்கிறதா என்றுதான் பார்த்தோம்.

விடிகிற நேரமும் பொழுதுபடுகிற நேரமும் இடத்துக்கு இடம் மாறுமாம்; கருவி பதிந்திருந்த அந்த நேரங்களை வைத்து அவள் வரைபடத்தில் வழியைக் கீறிக் காட்டினாள். கடலைத் தாண்டி, இந்தியாவைக் கடந்து, இமயமலை அடிவாரம் வரை போயிருக்கிறது. அங்கே குஞ்சு பொரித்து வளர்த்ததோ என்னவோ, திரும்பவும் நேரே நம் வளவுக்கு! நீ சொன்னது சரி மகள். நூற்றுக்கு நூறு சரி.

போன வெள்ளி கோயிலில், தன் டொக்டர் மகனைப் பற்றி மூச்சுவிடாமல் கதைத்த ஒருத்தி கேட்டாள், "உங்கட மகள் என்ன செய்தவ?"

"இமயமலையிலயிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு குருவி வாற வழியைக் கண்டுபிடிச்சவ" என்றேன். சொல்லும்போது அழுகை வரவில்லை. தலை நிமிர்ந்துதான் நின்றேன்.

குருவிக்குப் புதுக் கருவி கட்டிப் பறக்க விட்டுவிட்டோம். ரிஸ்வானா கட்ட, பிடித்துக்கொண்டிருந்தது நான். நோகாமல் இரு விரலுக்கிடையில் கழுத்தைப் பிடிக்கப் பழகிவிட்டேன். இனி ஒவ்வொரு ஐப்பசியும் நீ நின்ற இடத்தில் நான் நிற்பேன்.

உன் வேலையை இப்போதுதான் பழகுகிற,
உன் அம்மா