அக்காவின் படிக்கட்டுப் பதிவு

மார்ச் 3
பல் மருத்துவமனை லிஃப்டின் அடிக்குழியில் இன்று கிடைத்தவை: ஒற்றைக் கம்மல், மூன்று சாவிகள், யாரோ கடித்துத் துப்பிய பென்சில். படம் எடுத்து வலைப்பூவிலும் சமூக வலைத்தளத்திலும் போட்டேன். லிஃப்ட் மெக்கானிக் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று மனைவிக்குச் சிரிப்பு. அக்கா படித்தாள். எட்டு மாதத்துக்கு முன்புவரை.

மார்ச் 5
சமூக வலைத்தளத்தில் போட்ட பதிவை அப்படியே வலைப்பூவுக்குள் உட்கார வைக்கலாமாம்! என் பென்சில் பதிவை வைத்துச் சோதித்தேன். அங்கே ஒரு வரியை மாற்றினால் இங்கேயும் மாறுகிறது. அங்கே மறைத்தால் இங்கே வெறும் பெட்டி. ஆக, படம் இங்கே இருந்தாலும் பிடி அங்கே — இதெப்படி? சாப்பாடு ஆறிப்போகும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மார்ச் 8
மனைவி தன் கைபேசியில் காட்டினாள். அக்கா போட்ட பதிவு: அவள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டுப் படம். கீழே: "ஆறு மாடி. தினமும் ஏறுறேன். லிஃப்ட் பக்கமே போறதில்லை."

அந்த லிஃப்டில் அவள் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டதை 'அக்கா அழுத கதை' என்று வலைப்பூவில் நக்கலாக எழுதியவன் நான். அவள் அலுவலகமே படித்துச் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. வலைத்தளத்திலும் என்னைத் தடுத்துவிட்டாள். படியேறுவது பயத்தால், பேசாமலிருப்பது என்னால்.

மார்ச் 9
மனைவியின் கைபேசியிலிருந்து சுட்டியை எடுத்து அந்தப் பதிவை என் வலைப்பூவில் உட்கார வைத்தேன். மேலே ஒரே வரி: "மன்னிச்சிடுக்கா, ஊரே சிரிக்கிற மாதிரி எழுதினது தப்பு." படத்தை நகலெடுத்தே போட்டிருக்கலாம். அப்போது பிடி என் கையில் இருந்திருக்கும். வேண்டாம் என்று தோன்றியது.

"கேக்காம போட்டு மறுபடி வம்பை இழுக்குறீங்களே" என்றாள் மனைவி. ஆனாலும் அக்காவுக்குச் சுட்டியை அனுப்பியது அவள்தான்.

மார்ச் 10
வெறும் பெட்டி. மறைத்துவிட்டாள்.

மார்ச் 11
இன்னும் வெறும் பெட்டிதான். இருபது தடவை பார்த்தாச்சு. எனக்கு வேணும், நல்லா வேணும்.

மார்ச் 14
படிக்கட்டு திரும்பி வந்திருக்கிறது! வரி மட்டும் வேறு: "நான் ஒண்ணும் அழலை. மெக்கானிக்கைத் திட்டிட்டு இருந்தேன். தெரியாதவங்க எழுதக் கூடாது."

என் வலைப்பூவுக்குள்ளேயே வந்து என் காதைத் திருகிவிட்டுப் போயிருக்கிறாள். பழைய கதையை உடனே வலைப்பூவிலிருந்து தூக்கினேன். திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷமா?

மார்ச் 21
மறுபடி மாறியிருக்கிறது: "மூணாவது மாடி வரைக்கும் லிஃப்ட்ல போனேன். கதவு கடகடங்குது. யாராவது வந்து பார்த்தா தேவலை."

எல்லாருக்கும் எழுதியதா, எனக்கா? பின்னூட்டங்கள் என் பெட்டியில் தெரியாது; மனைவியைப் பார்க்கச் சொன்னேன். கீழே யாரோ ஒரு மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்களாம். அக்காவின் பதிலை வாசித்தாள்: "வேண்டாம். எங்க வீட்டு ஆளு இருக்கான்."

நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன். கருவிப் பையோடு ஆறு மாடியும் படியில்தான் ஏறப் போகிறேன்.